பிறர் வீட்டு நாயும் நம் வாயும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து குறிகட்டுவானுக்குச் செல்லும் பஸ் வண்டியில் சன்னலோரமாக ஓர் இடம் கிடைக்கப்பெற்றவர் பாக்கியசாலி. பண்ணைத் தாம்போதியைக் கடந்தவுடனே நகரத்தின் இரைச்சல் பின்தங்கிவிடுகின்றது. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று பனைக் கூடல்களும் வெறும் வெளிகளும் மாறி மாறி வருகின்றன. வேலணையில் தரை முடிந்த இடத்தில், இருமருங்கும் ஆழமில்லாக் கடல் விரிந்து கிடக்க, அதனை ஊடறுத்து நீண்டதொரு தாம்போதி தொடங்குகின்றது. ஊரார் இதனை வாணர் பாலம் என்று வழங்குவர். நீரிலே தடி நட்டுக் கட்டிய மீன் வலைகளும், அவற்றின் தடிகளிலே தவம் இருப்பனபோல நிற்கும் கொக்குகளும், உப்புக் காற்றும் சிறிது நேரம் நமக்குத் துணையாக வருகின்றன. அப்பால் புங்குடுதீவின் மண் தொடங்குகின்றது, மடத்துவெளி வந்துவிடுகின்றது.

இவ்வழியாற் செல்வோரிற் பெரும்பாலோர் இங்கே இறங்குவதில்லை. அவர்கள் குறிகட்டுவான் துறைக்குப் போய், வள்ளமேறி, நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசிப்பவர்கள். அல்லது நெடுந்தீவுக்குச் செல்பவர்கள். மடத்துவெளி அவர்களுக்குச் சன்னலில் தோன்றி மறையும் ஒரு காட்சி மாத்திரமே. ஆனால் இறங்கி நடப்பவர்க்கு இவ்வூர் தன் கதையைச் சிறிது சிறிதாகச் சொல்லும். முருகன் கோயிலும் அதன் வீதியும், கற்பாறை நிலத்தில் வெட்டிய கிணறுகளும், பனையோலை வேலிகளும், அவற்றின் அருகிலேயே புதிதாக எழுந்த சீமெந்து மதில்களும் அக்கதையின் பக்கங்கள்.

மடம் என்பது வழிப்போக்கருக்கு நிழலும் நீரும் சோறும் கிடைக்கும் இடம். வெளி என்பது மறைப்பின்றி விரிந்த நிலம். அவ்விரு சொற்களும் கூடிய பெயரைத் தாங்கி நிற்கும் ஊரில், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இன்றும் இல்லை. கடலுக்கப்பால் உள்ள நயினாதீவோ அன்னதானத்தாற் பெயர் பெற்றது. மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் அந்த நயினாதீவே என்று கருதுவோர் பலர். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வந்த இடம் மணிபல்லவம். இப்படியான தீவுகளிலே, ஒருவர் வீட்டு முற்றத்தில் நின்று, “நீங்கள் இடும் உணவு அதிகம், சற்றுக் குறையுங்கள்” என்று சொல்வது எத்துணைக் கடினமான காரியம் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். அக்கடினத்தைப் பற்றியதே இக்கட்டுரை. உணவைக் குறைக்க வேண்டியது மனிதருக்கன்று, ஒரு நாய்க்கு என்பதே இதிலுள்ள புதுமை.

மடத்துவெளியின் ஒழுங்கைகளில் நடக்கும்போது முதலிற் கண்ணிற் படுவன பூட்டிய வீடுகள். புங்குடுதீவு மக்கள் தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்துப் பொருளீட்டியவர்கள். 1983 ஆம் ஆண்டின் கலவரத்தில் அக்கடைகள் பல அழிந்தன. பின்னர் 1991 ஒக்டோபரில் இராணுவம் தீவை நோக்கி முன்னேறியபோது ஊரே இடம்பெயர்ந்தது. இன்று கனடா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலே புங்குடுதீவாரின் பேரப்பிள்ளைகள் படிக்கின்றனர். திரும்பி வந்து குடியிருப்போர் சிலரே; அவர்களிலும் முதியோர் அதிகம். மாதந்தோறும் பணம் வருகின்றது. ஞாயிறுதோறும் தொலைபேசியிற் குரல் வருகின்றது. திருவிழாக் காலத்தில் மக்களே வருகின்றனர். மற்றைய நாட்களில் வீட்டிலே ஒரு முதியவரும் ஒரு நாயும்.

அந்த நாய்களை இரண்டு இனமாகப் பிரிக்கலாம். துறைமுகத்துத் தேநீர்க் கடைகளின் ஓரத்திலும் கோயில் வீதியிலும் திரிபவை ஓர் இனம். அவற்றின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். யாத்திரிகர் எறியும் வடைத் துண்டுக்காகக் காலைமுதல் மாலைவரை காத்திருக்கும். படலைக்கு உள்ளே வாழ்பவை மற்றைய இனம். அவற்றிற் சிலவற்றுக்கு விலா எலும்பு இருக்கின்றதா என்பதே ஐயம். இரண்டு இனங்களுக்கும் இடையே ஒரு வேலிதான்.

நான் அறிந்த ஒரு வீட்டிலே “ராசா” என்றொரு நாய் இருக்கின்றது. கொழும்பிலிருந்து ஓர் உறவினர் குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்த லபிறடோர்க் கலப்பு. பழுப்பு நிறம், சாந்தமான கண்கள். வீட்டுக்கார ஆச்சிக்கு எண்பது வயது. காலையிலே ஆச்சி தேத்தண்ணீர் குடிக்கும்போது ராசாவுக்குப் பாலில் நனைத்த மாறி பிஸ்கற், பின்பு இடியப்பமும் சொதியும், நண்பகலிற் சோறும் தயிரும், மாலையில் மறுபடியும் பிஸ்கற், இரவிலே புட்டு. மரக்கறி வீடாதலால் மீன் இல்லையே என்று ஆச்சிக்கு ஒரு குறை. அக்குறையை நெய்யால் ஈடு செய்கிறார். ராசா விறாந்தையிலிருந்து முற்றத்துக்கு இறங்க இரண்டு படிகள். அந்த இரண்டு படிகளையும் இறங்கிய பின்னர் அது நின்று இளைக்கும் இளைப்பு வேலிக்கப்பாலும் கேட்கும். அந்நியர் வந்தாற் குரைக்கத் தொடங்கும். இரண்டாவது குரைப்புக்குள் மூச்சு முட்டிப் படுத்துவிடும்.

அயலவர் எல்லாரும் இதனை அறிவர். கடையடியிலே இதைப்பற்றிப் பேசிச் சிரிக்கின்றனர். “ஆச்சியின்ரை நாய்க்கு இனி வண்டில்தான் கட்ட வேணும்” என்று ஒருவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். ஆனால் ஆச்சியின் முகத்தை நோக்கி ஒருவரும் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. ஊர் முழுவதும் பேசுகின்றது; கேட்க வேண்டியவர் மாத்திரம் கேட்கவில்லை.

இதிலே பேசுவதற்கு என்ன இருக்கின்றது, நாய் கொழுத்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கு ஒன்றுமில்லை; நாய்க்குத்தான் இருக்கின்றது. அமெரிக்காவில் பியூரினா என்னும் உணவுக் கம்பனியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 48 லபிறடோர் குட்டிகளை இரண்டிரண்டாக இணைத்து, ஒவ்வொரு இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவிட்டு, வாழ்நாள் முழுவதும் கவனித்தனர். 2002 ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவு யாவரும் அறியத்தக்கது. குறைவாக உண்ட கூட்டத்தின் இடைநிலை வாழ்நாள் 13 ஆண்டுகள்; மற்றக் கூட்டத்தினது 11.2 ஆண்டுகள். மூட்டு நோயும் குறைவாக உண்டவற்றுக்குப் பிந்தியே வந்தது. மிகுதியாக உண்டவை மிதமிஞ்சிய பருமனுடையவையும் அல்ல. சாதாரண வீடுகளிற் காணும் அளவே பருத்தவை. நாயின் வாழ்க்கையில் இரண்டு ஆண்டு என்பது சிறிய காலமா?

நாய் பருத்திருக்கின்றதா என்று அறியத் தராசு வேண்டியதில்லை. மார்பின் பக்கங்களிலே விரல்களை மெதுவாக வைத்துத் தடவினால் விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது விலாவுக்குப் பின்னே இடை ஒடுங்கித் தோன்ற வேண்டும். பக்கத்திலிருந்து பார்க்கும்போது வயிறு பின்னோக்கி மேலேறியிருக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாதது பருத்த நாய். மிருக வைத்தியர்கள் இதனையே 1 முதல் 9 வரை புள்ளியிட்டு அளப்பர். நான்கும் ஐந்துமே நல்ல நிலை. கருத்தடை செய்யப்பட்ட நாய்க்கு உடலின் தேவை குறைந்துவிடுவதால், முன்னர் இட்ட அளவையே தொடர்ந்து இட்டால் அது பருக்கும். லபிறடோர்களின் கதையோ தனிக்கதை. அவ்வினத்தில் ஏறக்குறைய நான்கிலொரு பங்குக்கு, பசி அடங்கியது என்ற செய்தியை மூளைக்கு உணர்த்தும் மரபணு ஒன்று குறைபட்டிருப்பதை 2016 இல் கேம்பிறிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மணிமேகலைக் காப்பியத்தின் காயசண்டிகையை மாணவர்கள் அறிவார்கள். யானைத்தீ என்னும் பெரும்பசியினால் எவ்வளவு உண்டும் ஆறாது வருந்தியவள் அவள். ராசாவின் கண்களில் எந்நேரமும் தெரிவது ஒருவேளை அந்த யானைத்தீயாக இருக்கலாம். அந்தக் கண்களை நம்பி உணவிட்டால் அதற்கு முடிவே இராது.

மேல்நாடுகளில் இக்காரியம் நீதிமன்றம் வரைக்கும் சென்றிருக்கின்றது. இங்கிலாந்தில் 70 கிலோவுக்கு மேல் நிறையேறி நடக்கவே இயலாதிருந்த ஒரு லபிறடோரை வைத்திருந்த சகோதரர் இருவர், வைத்தியர் சொல்லியும் கேளாதிருந்தமையால், 2007 ஆம் ஆண்டிற் குற்றவாளிகளெனக் காணப்பட்டனர். நீதிமன்றம் அவர்களைச் சிறைக்கு அனுப்பாது நிபந்தனையுடன் விடுவித்தது. நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில், நாளொன்றுக்குப் பத்துத் துண்டு வரையிற் கோழியிறைச்சி ஊட்டித் தன் நாயை 53.7 கிலோவாக்கிய ஒரு பெண்ணுக்கு 2024 இல் இரண்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்நாயின் இதயத் துடிப்பைக் கொழுப்பின் ஊடாகக் கேட்பதே வைத்தியருக்கு அரிதாக இருந்ததாம். பராமரிப்பில் நிறை குறையத் தொடங்கியும் அது உயிர் பிழைக்கவில்லை. நம்மவர் பலர் வாழும் சுவிற்சர்லாந்து வேறொரு வழியை முயன்றது. 2008 முதல் நாய் வளர்ப்போர் யாவரும் ஒரு பயிற்சி பெற வேண்டும் என்று விதித்தது. 2016 முடிவில் நாடளாவிய அக்கட்டாயத்தை நீக்கிவிட்டது. நமது இலங்கையில் 1907 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மிருகவதைத் தடுப்புச் சட்டம் அடித்தலையும் பட்டினி போடுதலையும் நினைத்தே எழுதப்பட்டது. அன்பினால் அளவுக்கு மிஞ்சி ஊட்டுவாரை அச்சட்டத்தைச் செய்தோர் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே நமது ஊர்களில் இதைச் செய்ய வேண்டியது சட்டமன்று, அயலவரின் வாய்தான். அந்த வாய் ஏன் திறப்பதில்லை?

மனிதரின் உடம்பைப் பற்றிப் பேச நாம் கூசுவதே இல்லை. நெடுநாட் கழித்து ஒருவரைக் கண்டால், “என்ன, மெலிஞ்சு போனீர்?” என்பதே நமது முதல் விசாரிப்பு. ஆனால் மெலிவைக் கேட்பது அன்பு. கொழுப்பைச் சொல்வது நாவூறு. “குழந்தை நல்லாய்க் கொழுகொழுவெண்டு இருக்குது” என்று ஒருவர் சொல்லிவிட்டால், அன்று மாலையே செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடும் வீடுகள் தீவகத்தில் இன்றும் உள்ளன. பிள்ளைக்கு உள்ள இந்நியாயம் பிள்ளைபோல் வளர்க்கும் நாய்க்கும் உண்டு. மேலும், கொழுத்த மாடும் கொழுத்த நாயும் வீட்டின் செழிப்பைக் காட்டுவன என்பது நமது பழைய எண்ணம். அதைக் குறை கூறுபவன் அச்செழிப்பிலே பொறாமை கொண்டவனாகவே எண்ணப்படுவான்.

எனினும் இவற்றிலும் ஆழமான ஒரு காரணம் மடத்துவெளியில் இருக்கின்றது. ஒரு மாலைப்பொழுதில் ஆச்சியின் விறாந்தைக் குந்தில் இருந்தபோது, “ராசா நன்றாக இளைக்கிறதே, ஆச்சி” என்று மாத்திரம் சொன்னேன். உணவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சி சிறிது நேரம் கடற்பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் சொன்னார்:

“தம்பி, அந்த வருஷம் நாங்கள் வெளிக்கிட்ட ராத்திரி, வள்ளத்திலை சனத்துக்கே இடமில்லை. எங்கடை வீரன் கரை மட்டும் வந்தவன். தண்ணிக்குள்ளை இறங்கி நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவன். ரெண்டு நாளைக்குக் காணும் எண்டு முற்றத்திலை ஒரு சட்டி சோறு வைச்சிட்டு வந்தனான். ரெண்டு நாளிலை வந்திடுவம் எண்டுதானே நினைச்சம்!”

அவர்கள் திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆயின. அந்தச் சட்டி கிணற்றடியிலே கவிழ்ந்து கிடந்ததாம்.

சொர்க்கத்தின் வாயிலிலும் தன்னைத் தொடர்ந்த நாயைக் கைவிட மறுத்த தருமபுத்திரரின் கதையை நாம் பாடசாலையிலே படிப்பிக்கிறோம். வள்ளத்தில் இடமில்லாத இரவில் கைவிட நேர்ந்தவர்களின் கதையை எவரும் எழுதி வைக்கவில்லை. ராசாவின் சட்டி ஏன் எப்பொழுதும் நிறைந்திருக்கின்றது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கிற்று. அறியாமை என்று ஊரார் நகைத்தது அறியாமையன்று. வீரனுக்கு இட முடியாதுபோன சோறு அத்தனையும் ராசாவின் சட்டியிலே விழுந்துகொண்டிருக்கின்றது. இதை அறியாத ஒருவர் போய், “ஆச்சி, நாய்க்குச் சோற்றைக் குறையுங்கள்” என்றால், அது அவருடைய காதில் எவ்வாறு விழுந்திருக்கும்?

அப்படியானால் சொல்லாமலே விட்டுவிடலாமா? விடலாகாது என்பதே என் துணிபு. ஆச்சியின் துயரம் உண்மையானது. ராசாவின் மூச்சுத் திணறலும் உண்மையானது. ஆச்சி தம் துயரத்தைச் சொல்ல நா உடையவர். ராசாவுக்கு அது இல்லை. வீரன் பசியால் வருந்தினான் என்பதற்காக ராசா நிறைவால் வருந்த வேண்டுமென்பது எந்த நியாயத்திலும் அடங்காது. திருக்குறளிலே நட்பைப் பற்றிய அதிகாரத்தைப் படித்தவர்கள், கூடியிருந்து சிரிப்பதற்காக மாத்திரம் நட்பு ஏற்பட்டதன்று, நண்பர் எல்லை மீறும்போது முற்பட்டு இடித்துரைக்கவும் அது வேண்டும் என்ற கருத்தை அறிவார்கள். கடையடிப் பேச்சு அதற்கு நேர்மாறானது. அங்கே சிரிப்பு உண்டு, இடித்துரை இல்லை. மருந்து என்னும் அதிகாரமோ அளவறிந்து உண்பதையே வற்புறுத்துகின்றது. அளவை அறிய இயலாத உயிருக்கு அளவை அறிந்து இடுபவர் வேண்டும்.

எவ்வாறு சொல்வது என்பதே அடுத்த வினா. இதை எனக்குக் காட்டியவன் ஆச்சியின் அடுத்த வளவில் உள்ள, உயர்தர வகுப்பிற் படிக்கும் ஒரு மாணவன். அவன் நாயின் பருமனைப் பற்றிப் பேசவே இல்லை. “ஆச்சி, ராசா படியிறங்கக் கஷ்டப்படுகிறான். காலிலை ஏதும் நோவோ தெரியேல்லை. மிருக வைத்தியரிடம் காட்டுவமே? நான் கூட வாறன்” என்றான். ஓட்டோ பிடித்து மூவரும் போய் வந்தனர். அளவைக் குறைக்கும்படி சொன்னவர் வைத்தியர். வெளியாளின் வாயிலிருந்து, மருந்துபோல, அச்சொல் வந்தபடியால் ஆச்சிக்கு அதில் அவமானம் தோன்றவில்லை. நெய்யும் பிஸ்கற்றும் நின்றன. சோற்றை ஒரு சுண்டினால் அளந்து, அதனையே நான்கு பங்காக்கி, நான்கு வேளையும் இடும்படி ஏற்பாடாயிற்று. நான்கு முறை சட்டி நிறையக் காண்பதில் ஆச்சியின் கைக்கும் மனத்துக்கும் ஓர் ஆறுதல் இருந்தது. மாலைதோறும் அம்மாணவன் ராசாவைக் கயிற்றிற் பிடித்துக் கோயில் வீதிவரை மெல்ல நடத்திச் சென்றான். முதல் வாரம் பாதி வழியிலே படுத்துக்கொண்ட நாய், மூன்றாம் மாதத்தில் வீதியை ஒருமுறை சுற்றி வரலாயிற்று. இன்னும் அது பருத்த நாய்தான். ஆனால் இரண்டு படிகளையும் இளைக்காமல் இறங்குகின்றது.

இதிலிருந்து நான் கொண்ட விதி ஒன்று உண்டு. பாரத்தில் ஒரு பங்கைத் தூக்க ஆயத்தமாக இருப்பவனுக்கே சொல்லும் உரிமை. நடத்திச் செல்கிறேன், வைத்தியரிடம் கூட வருகிறேன், அளந்து வைக்கச் சுண்டு வாங்கித் தருகிறேன் என்று சொல்ல இயலாதவர், குறை கூறாதிருப்பதே மேல். திருவிழாவுக்கு மூன்று நாள் வந்து, வெளிநாட்டு அறிவையெல்லாம் முற்றத்திலே கொட்டி, பின்பு விமானமேறிவிடும் உறவினரின் உபதேசம் முதியோரை நோகச் செய்யுமேயன்றி நாயை மெலியச் செய்யாது. பலர் கூடியிருக்கும் இடத்திற் சொல்வதும், பிள்ளைகளுக்குத் தொலைபேசியிற் கோள்போலச் சொல்வதும் தகா. தெரியாத நாயைக் கண்டவுடன் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. சில நோய்களாலும் சில மருந்துகளாலும் உடம்பு பருப்பதுண்டு. சினைநாயும் பருத்தே தோன்றும். ஆனால் நமக்கு அறிமுகமான வீட்டிலே, நாளும் நாம் காணும் ஓர் உயிர் எழுந்து நடக்க மாட்டாமல் இளைக்கும்போது, நாவூறு என்று பயந்தோ, நமக்கென்ன என்று இருந்தோ காலம் கடத்துவது நல்ல அயலாருக்கு அழகன்று.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவர்களுக்கு நாம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் தயங்கலாம். கயிற்றைக் கையிலெடுத்து, “ஆச்சி, நான் கொஞ்ச நேரம் நடத்திக்கொண்டு வரட்டோ?” என்று கேட்பதற்கு வயது தடையில்லை. அப்படிக் கேட்பதும் சொல்வதுதான்.

மடத்துவெளியில் வேறொரு மாற்றமும் இப்போது காண்கிறேன். ராசாவின் சட்டியிற் குறைந்த சோறு வீணாகவில்லை. ஆச்சி அதனைப் படலைக்கு வெளியே, வீதி நாய்களுக்கென ஒரு சிரட்டையில் வைக்கிறார். விலா எலும்பு தெரியும் ஒரு கறுப்பு நாய் அந்தியிலே தவறாமல் அங்கு வருகின்றது. அதற்கும் அவர் ஒரு பெயர் வைத்திருக்கிறார். என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. கூப்பிடும் போது கேட்டது. வீரன்.